நடுவறைத் திறப்பு

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். என் தாய் எனக்கு அப்படித்தான் தந்தார். நானும் என் ஒரே மகளுக்கு அப்படியே கொடுத்தேன். கலியாணத்துக்கு முதல் வாரமே வீட்டை அவள் பேருக்கு உறுதி எழுதி முடித்தாயிற்று. களுவாஞ்சிக்குடியில் இவர்களைப் போல நேரத்துக்குக் கொடுத்தவர்கள் இல்லை என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் தலை நிமிர்ந்து நடந்தேன். ஒரு சின்ன விசயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நடுவறைக்கு ஒரு பெரிய பூட்டைப் போட்டு, அதன் திறப்பை ஊசியில் கோத்து என் இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

அந்த அறைக்குள் என்ன இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊருக்கே சோறு ஆக்கக்கூடிய மூன்று கிடாரங்கள். அவற்றுக்கேற்ற அகப்பைகள். அடுக்கடுக்காகக் கோப்பைகள், தண்ணீர் குடிக்கும் தம்ளர்கள், பாய்கள், பிளாஸ்டிக் கதிரைகள். அது வரைக்கும் நியாயம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் ஓடாத இரண்டு மின்விசிறிகள், கழுவிக் காயவைத்த ஐஸ்கிறீம் டப்பாக்கள், ஜாம் போத்தல்கள், நான் ஆசிரியையாக இருந்த காலத்துப் பாடக் குறிப்புகள், ஒரு தடவையும் கட்டாத சேலைகள், எந்த வீட்டு யன்னலுக்கு வாங்கினேன் என்றே தெரியாத திரைச்சீலைகள். “ஒரு அறைதானே” என்று மகளிடம் சொன்னேன். வீட்டில் மொத்தமாக இருந்ததே மூன்று அறைகள்தான்.

கிடாரம் வைத்திருப்பது சும்மா வேலையில்லை. ஊரில் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்றாலும் செத்தவீடு என்றாலும் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அயலவர்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். அதனால் கிடாரத்துக்கு நேரம் காலம் கிடையாது. வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மகள் சமைக்கும் குசினியின் கதவால் நுழைந்து, விறாந்தையைக் கடந்து நடுவறையைத் திறப்பேன். கொண்டுபோன சாமான் மறுநாள் காலையில் வராவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. தொலைபேசியில் ஒருவரைப் பிடிப்பேன், அவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், நான் வெயிலில் குடையையும் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். திரும்பி வந்த கிடாரத்தில் ஒரு நெளிவு கண்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பிரஷர் கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர், என் மகளின் வயதிருக்கும், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். அப்படியென்றால் ஏன் மணிக்கூட்டையே பார்க்கிறீர்கள், எதற்கு இந்த அவசரம் என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உப்பைக் குறை என்று சொல்ல வேண்டியவள் அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. வீட்டுக்கு வந்து கணவரிடம் அரை மணித்தியாலம் அவளைத் திட்டினேன். அவர் தூண்டிலுக்கு இரை கோத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பின்வீட்டுக்குக் குடிவந்தபோது அந்த மனிதர் கொண்டுவந்தது ஒரு றங்குப்பெட்டியும் ஒரு தூண்டிலும் மட்டும்தான். காலையில் வாவிக்கரைக்குப் போவார், இரண்டு திரளி மீன் கிடைத்தால் கொண்டுவருவார், கிடைக்காவிட்டாலும் அதே முகத்தோடு வருவார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மகளும் ஆசிரியைதான். நான் இருபது வருசம் தோணி ஏறி வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போனேன், அவள் மோட்டார் சைக்கிளில் வெல்லாவெளிப் பக்கம் போகிறாள். மருமகன் மட்டக்களப்பு டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை. நல்ல பொடியன், அதிகம் கதைக்க மாட்டார். இருவரும் களைத்துப்போய் வீட்டுக்கு வரும் நேரத்தில் நான் இரண்டு பேரோடு விறாந்தையில் நின்று தம்ளர் எண்ணிக்கொண்டிருப்பேன். மருமகன் “வாங்க மாமி” என்று கூடச் சொல்ல முடியாது. நான்தான் ஏற்கெனவே உள்ளே நிற்கிறேனே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். பக்கத்துத் தெருவில் ஒரு செத்தவீடு. பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேர் பெரிய கிடாரத்துக்கு வந்தார்கள். நான் வழக்கம் போலக் குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். மகள் விறாந்தையில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். தவணைப் பரீட்சைத் தாள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, தாள் திருத்த ஒரு மேசை போடக்கூட இடமில்லாமல் சீமெந்துத் தரை முழுக்கப் பரப்பியிருந்தாள். ஒரு நிமிசம் அம்மா, எடுத்துவிடுகிறேன் என்றாள். செத்தவீட்டுக்கு என்ன ஒரு நிமிசம் என்று நான் கதவைத் திறந்துவிட்டேன். கிடாரத்தைத் தூக்கியவர்களுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. அவர்களின் ஈரக்காலும் மண்ணும் தாள்களின் மேல் போயிற்று. போதாததற்குக் கிடாரத்தின் அடிக்கரி விழுந்து ஒரு வகுப்புத் தாள் முழுக்கக் கறுத்துவிட்டது.  மகள் ஒவ்வொரு தாளாக எடுத்துத் தன் சட்டையில் துடைத்தாள்.

அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பின்னேரம் பின்வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடி, டவுனில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம், அடுத்த மாதம் போகலாம் என்று யோசிக்கிறோம் என்றாள்.  எழுதிக் கொடுத்த வீட்டை விட்டு ஒரு பெண் வாடகை வீட்டுக்குப் போகிறாள் என்றால் ஊர் என்ன கதைக்கும்? அதைவிட, அவள் போய்விட்டால் அந்த வளவில் நான் யாருக்காக இருக்கிறேன்? ஆனால் வாயில் வந்தது வேறு. இது உன் புத்தியா, அவர் சொல்லித் தந்ததா என்று கேட்டேன்.

“அவர் ஒண்டும் சொல்லல்ல அம்மா,” என்றாள். “வீடு என்ட பேரிலதான் கிடக்கு. ஆனா உங்கட சாமான்ட வீட்டுல நான் வாடகைக்கு இரிக்கிற மாதிரித்தான் இரிக்கி. வாடகைக்குத்தான் இருக்கணுமெண்டா டவுனில இருக்கிறம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். என்னென்னவோ சொன்னேன். அவளுக்காகத்தானே சேர்த்தேன், நாளைக்கு அவள் வீட்டில் ஒரு விசேசம் வந்தால் ஊரெல்லாம் கிடாரம் கேட்டு அலைவதா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதன் அருமையும் தெரியாது. மூன்றாம் நாள் கணவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

“புள்ளைக்கு வீட்டக் குடுத்திட்டு, வீட்டுக்கு நடுவுல நீதானேகா இரிக்கிறாய்.”

முப்பது வருசத்தில் அவர் என்னைக் குறை சொன்னது இரண்டோ மூன்றோ தரம்தான். அதனால் அது சுட்டது.

அடுத்த நாள் அவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு நடுவறையைத் திறந்தேன். ஒன்றையும் கொடுக்கும் எண்ணம் அப்போதும் எனக்கில்லை. எல்லாவற்றையும் பின்வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்றுதான் போனேன். அளவுநாடாவால் இங்கேயும் அங்கேயும் அளந்தேன். கிடாரங்கள் எங்கள் படுக்கையறையில், கதிரைகள் குசினியில் என்றால் நாங்கள் மாமரத்தின் கீழ் படுக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. ஒரு பாய்க்கட்டின் மேல் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்தேன். பிறகு அழுகை வந்தது.

பின்மூலையில், ஐஸ்கிறீம் டப்பாக்களுக்குக் கீழே, அடி கறுத்த ஒரு அலுமினியச் சட்டி கிடந்தது. கடல் ஊருக்குள் வந்த வருசம் என் தாய் தந்த வீடும் அதிலிருந்த சாமான்களும் ஒரு காலைக்குள் இல்லாமல் போயின. முகாமில் ஒரு சட்டிக்காக மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். கிடைத்தது இந்தச் சட்டி. அதில்தான் சோறு, அதைக் கழுவி அதில்தான் கறி, அதைக் கழுவி அதில்தான் தேத்தண்ணி. அவை நல்ல நாட்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இனி ஒரு நாளும் ஒரு சட்டிக்காக ஒருவர் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று அங்கேதான் நினைத்தேன். புது வீடு கட்டி, சம்பளம் வர வர, ஒவ்வொன்றாக வாங்கினேன். தேவைக்கு வாங்கியது கொஞ்சம். மிச்சமெல்லாம் பயத்துக்கு வாங்கினேன். அந்தப் பயத்தைத்தான் பூட்டி மகளின் வீட்டுக்கு நடுவில் வைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பாவம், அவளும் அந்த வரிசையில் என்னோடு நின்ற பிள்ளைதான்.

கிடாரங்களும் கோப்பைகளும் பாய்களும் அம்மன் கோயிலுக்கு என்று முடிவெடுத்தேன். வைகாசிச் சடங்குக்கு எப்படியும் என்னிடம்தானே வந்து எடுப்பார்கள். கோயில் காரியம் பார்க்கும் வண்ணக்கர் லாண்ட்மாஸ்டர் வண்டியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக ஏறும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. புளி போட்டுத் தேயுங்கள், சாம்பல் போட்டால் கீறும், கவிழ்த்து வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள் என்று வாகனத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மனம் கேளாமல் பின்னாலேயே கோயிலுக்கும் நடந்து போனேன். மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினார்கள்.

வண்ணக்கர் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ரீச்சர், இந்தத் திறப்ப நீங்களே வெச்சிரிங்க. உங்களப் போலப் பவுத்திரமாப் பாக்க இஞ்ச ஆளில்ல.”

பொய் சொல்ல மாட்டேன், என் கை நீண்டுவிட்டது. பெருமையாகவும் இருந்தது. திறப்பு என் விரலில் படவும், துணைக்கு வந்திருந்த கணவர் பின்னால் நின்று ஒரு தரம் இருமினார். நான் கையை இழுத்துக்கொண்டேன். வேண்டாம், எனக்குப் பிரஷர் இருக்கிறது, டொக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். அந்தப் பிள்ளையைத் திட்டியதற்கு அவள் பேரைச் சொல்லித் தப்பித்ததோடு சரிக்குச் சரியாகிவிட்டது.

மிச்சத்துக்கு ஒரு கிழமை பிடித்தது. கதிரைகளை வாசிகசாலைக்குக் கொடுத்தேன். சேலைகளைக் கொடுக்க இரண்டு நாள் மனதோடு மல்லுக்கட்டினேன், டப்பாக்களையும் போத்தல்களையும் எறிய இரண்டு நிமிசம் போதுமாக இருந்தது. மின்விசிறிகளை இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போனான். பாடக் குறிப்புகளை மட்டும் பின்வளவில் எரித்தேன், கண் எரிந்ததற்குப் புகையைச் சொல்லிக்கொண்டேன். கடைசியில் அந்த அலுமினியச் சட்டியை மட்டும் பின்வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நடுவறையைக் கூட்டிக் கழுவி, யன்னலைத் திறந்துவிட்டேன். அந்த யன்னலால் தென்னைகளுக்கு நடுவில் வாவி கொஞ்சம் தெரியும். வீடு கட்டும்போது அதற்காகத்தான் அந்த இடத்தில் யன்னல் வைக்கச் சொன்னேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மகளும் மருமகனும் வர முன்னம் பூட்டையும் திறப்பையும் அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஒருவரும் பின்வீட்டுக்கு வரவில்லை. அடுத்த நாளும் அதைப் பற்றி மகள் ஒன்றும் கதைக்கவில்லை. டவுன் வீட்டைப் பற்றிக் கேட்க வாய் துடித்தது. கேட்டால், அறையைக் கொடுத்ததே அதற்கு விலையாகத்தான் என்று ஆகிவிடும். போனால் போகட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை, ஆனாலும் கேட்கவில்லை. காலையில் எழும்பினால் தேடிப் போக ஒரு கிடாரம் இல்லை. தொலைபேசி அடிப்பது குறைந்துவிட்டது. வாவிக்கரையில் கணவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாளும் எதையோ மறந்துவிட்டு வந்தது மாதிரி இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவருக்கு மீன் பட்டதை அவருக்கு முதல் நான் கண்டேன்.

அந்தத் திரளியை அன்று பகல் அலுமினியச் சட்டியிலேயே புளி விட்டுக் காய்ச்சினேன். சனிக்கிழமை, இருவரும் வீட்டில் நிற்கும் நாள். சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். குசினிக் கதவு சாத்தியிருந்தது. கை தானாகத் தள்ளப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன். செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டிய வீட்டின் வாசலில், ஒரு கறிச்சட்டியோடு, வேற்று ஆள் மாதிரி நின்று கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து மகள் யாரென்று கேட்டாள். நான்தான், வரலாமா என்றேன்.

 மகள் கதவைத் திறந்தாள். கையில் சிவப்புப் பேனை இருந்தது. அவளுக்குப் பின்னால் நடுவறைத் தரையில் தாள்கள் வகுப்பு வகுப்பாகக் கிடந்தன, யன்னல் காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு ஜாம் போத்தல் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எறிந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

“வாங்கம்மா,” என்றாள்.

கலியாணம் முடிந்து ஒன்றரை வருசத்தில் அவள் என்னைத் தன் வீட்டுக்குள் வரச் சொன்னது அன்றைக்குத்தான்.  அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். மருமகன் சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். டவுன் வீட்டுக்காரருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம், அதை அவள் தாள்களைப் பார்த்துக்கொண்டே ஒரு சாதாரண விசயம் போலச் சொன்னாள். நானும் சாதாரணமாகத் தலையாட்டினேன். பிறகு அவள் மேசையில் இருந்த சட்டியைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. கறுத்த அடியை விரலால் ஒரு தரம் தொட்டாள்.

எழும்பி வாசலுக்கு வந்தபோது, சட்டியைக் கழுவி உடனே தந்துவிடுகிறேன் என்று உள்ளேயிருந்து சொன்னாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

“ஆறுதலாத் தா புள்ள,” என்றேன். “ஒரு அவசரமுமில்ல.”