இன்னும் ஆவல

ஹாம்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "முடிந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போகிறவர்களைப் பார்த்து வாயடைத்துப் போனேன். சால்ஜாப்பு கிடையாது, தலையைச் சொறிவது கிடையாது. நான் பரங்கிப்பேட்டைக்காரி. எங்கள் பக்கம் யாரும் அப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டார்கள். அக்காவின் நிக்காஹுக்கு முதல் நாள் ரவிக்கை வாங்கச் சிதம்பரத்து டெய்லரிடம் போனோம். "ஆச்சுக்கா, கொக்கி மட்டுந்தான் பாக்கி. டீ சாப்புடுங்க" என்றார் உம்மாவிடம். டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால், துணி வெட்டப்படாமல் அலமாரியில் மடித்தபடி இருக்கிறது. அக்கா இரவல் ரவிக்கையை ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டு மணப்பெண்ணாக உட்கார்ந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மருத்துவமனையில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். பலர் சேர்ந்து எழுதும்போது சில ஃபங்ஷன்கள், அதாவது ஆளுக்கொரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகள், முடிந்திருக்காது. மற்றவர்கள் வேலை நிற்காமலிருக்க அந்த இடத்தில் ஒரு டம்மியை வைப்பார்கள். எதைக் கேட்டாலும் அது "எல்லாம் சரி" என்று சொல்லும். அச்சு அசல் அந்த டெய்லர்தான். அதனால் நான் ஒரு மேக்ரோ எழுதினேன். மேக்ரோ என்பது ஒரு சுருக்கம். ஒற்றைச் சொல்லை எழுதினால் அந்த இடத்தில் முழுக் கட்டளைகளும் நிரம்பிவிடும். முடியாத ஃபங்ஷனுக்குள் அதைப் போட்டுவிட்டால், பம்ப் அங்கே வந்ததும் நின்று, எது எழுதப்படவில்லை என்று திரையில் காட்டும். அதற்கு ஆங்கில எழுத்துகளில் "இன்னும் ஆவல" என்று பெயர் வைத்தேன்.

பம்பை வாங்கும் ஒப்பந்தத்துக்காக மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வருவதற்கு முதல் நாள் குழுத் தலைவர் மார்க்குஸ் என் மேசைக்கு வந்தார். குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று சோதிக்கும் ஃபங்ஷனை நான் இன்னும் முடிக்கவில்லை. நாளைக்கு மட்டும் அது "சரி" என்று சொல்லட்டும் என்றார். "இல்லை" என்று அத்தனை சுலபமாகச் சொல்கிற மனிதர்! நான் மாட்டேன் என்றேன். மாட்டிக்கொள்வோம் என்று நான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டார்.

"பயப்படாதே. நீ முடிக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது."

"தெரிய வேண்டும் மார்க்குஸ். அதற்காகத்தான் அந்த மேக்ரோவை எழுதினேன்."

ஒப்பந்தம் கைநழுவினால் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வேலை போனால் விசாவும் போகும். ஆனாலும் நான் மாற்றவில்லை.

மறுநாள் எல்லோர் முன்னாலும் பம்ப் பாதியில் நின்றது. குமிழிச் சோதனை எழுதப்படவில்லை என்று திரை சொன்னது. வந்திருந்த தலைமைச் செவிலியர் என்னைப் பார்த்து, "அப்படியென்றால் இதுவரை ஓடியதெல்லாம் நிஜமாகவே எழுதியதா?" என்று கேட்டார்.

"ஆமாம், எல்லாமே."

"முடித்துக் கொண்டுவாருங்கள். இதை என் நோயாளிகளுக்கு வைப்பேன்."

ஒப்பந்தம் கிடைத்தது. இப்போது குழு முழுவதும் என் மேக்ரோதான். காபி இயந்திரம் மக்கர் செய்தால்கூட மார்க்குஸ் "இன்னூம் ஆவலா" என்கிறார். எங்கள் கடலூர்ப் பக்கத்துப் பேச்சை அந்த வாயில் கேட்கும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒப்பந்தம் கிடைத்த வாரம் உம்மா போனில் கூப்பிட்டார்.

"எப்பம்மா ஊரோட வந்துடுவே?"

இத்தனை நாளும் "வந்துர்றேன் உம்மா" என்றுதான் சொல்லி வந்தேன். அன்று, "தெரியல உம்மா, இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

"சரி. அப்ப உன் ரூம்ல அரிசி மூட்டைய அடுக்கிக்கட்டுமா? கீழ எடமே இல்ல."

"வாணாம் உம்மா, அது அப்புடியே இருக்கட்டும்" என்றேன், யோசிப்பதற்கு முன்பே.