ஏழாம் நத்தை

மடவளை ஊர் ருக்கியாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை எங்கள் ஓவியப் பிரிவிலே நான் கண்டதில்லை. கடைசி வருட வேலைக்கு எல்லோரும் மலையையும் வாவியையும் வரைய, இவள் விஞ்ஞானப் பிரிவோடு சேர்ந்து நத்தை ஆராயப் போனாள். குண்டசாலைத் தோட்டங்களில் பொறுக்கிய பன்னிரண்டு நத்தைகளை ஐஸ்கிறீம் பெட்டிகளில் விட்டு, நம்பர் போட்டு, நான்கு மாதம் விடுதி அறையில் வளர்த்தாள். அதே அறையில்தான் நானும் இருந்தேன், என் தலையெழுத்து!

வெள்ளிதோறும் பெட்டிகளை ஆய்வுகூடத்துக்குச் சுமந்துபோவோம்; விலங்கியல் ஆசிரியர் திருச்செல்வம் சேர் நத்தைகளை நிறுப்பார், இவள் படம் கீறுவாள். பிறகு படங்களை லினோ என்ற மென்தகட்டில் செதுக்கி, மை பூசி, தாளில் அழுத்தி எடுத்தாள். பன்னிரண்டும் அத்தனை அழகு. சேர் கையெழுத்து வைத்தால் பட்டம், இல்லாவிட்டால் இன்னொரு வருடம்.

கடைசி வெள்ளியன்று பெட்டிகளோடு தாள்களையும் சேரின் மேசையில் வைத்தோம். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன பிள்ளை இது? நத்தை ஓட்டைக் கூர் மேல பாக்க நிமிர்த்திப் பிடிச்சா, அதின்ர வாய் வலப்பக்கம் இருக்கவேணும். நீர் இடப்பக்கம் வச்சிருக்கிறீர்!"

பாவி மகள்! செதுக்கியது தாளில் இடம் வலம் மாறி விழும் என்று முதல் வருடப் பிள்ளைக்கும் தெரியும். தன் பெயரை ஒழுங்காகத் திருப்பிச் செதுக்கியவள், நத்தைகளைத் திருப்ப மறந்துவிட்டாள். ருக்கியாவுக்குக் கண் நிரம்பிவிட்டது.

தாள்களைத் திருப்பிக் கொடுக்கப் போன சேர் நின்றார்.

"பொறும். ஏழாம் நம்பர் மட்டும் எப்பிடிச் சரியா வந்தது?"

"தெரியா சேர். அதையும் கண்டமாதிரித்தான் வெட்டின."

"கண்டமாதிரியே?"

"அல்லாஹ்வுக்காக சேர், ஒரு கோடும் மாத்தல்ல!"

அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, ஏழாம் பெட்டியைத் திறந்து நத்தையை நிமிர்த்திப் பிடித்தார். வாய் இடப்பக்கம் இருந்தது. மற்றப் பதினொன்றுக்கும் எதிர்ப்புறமாகச் சுற்றிய ஓடு!

"இப்பிடி ஒண்டைக் காணாமலே ரிட்டயர் ஆகிடுவன் எண்டு நினைச்சன். நாலு மாசமா நான்தானே நிறுத்துப் பாத்தனான், என்ர கண்ணுக்குத் தெரியேல்லையே!" சேர் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். "கையெழுத்து இப்பவே வைக்கிறன். அறிக்கையில உம்மட பேர்தான் முதல் வரும். ஆனா பன்னிரண்டையும் திருப்பி வெட்டவேணும், சரியே?"

ருக்கியா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று பின்னேரமே இருவரும் உளியும் தகடுமாகக் குந்திவிட்டோம். பதினொன்றில் எதை வேண்டுமானாலும் வெட்டச் சொன்னாள். ஏழாம் நத்தையை மட்டும் தொட விடவில்லை.

"அடியே, நாலு மாசம் அதுகூடத் தூங்குனவ நானுந்தான்!" என்றேன்.

"அதுக்கு?" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.