ஹாக்கி பார்க்க வந்த கூட்டம்

இன்று என் தங்கை தர்ஷினி கல்லூரிக்காக ஆடிய கடைசி ஹாக்கி ஆட்டம்.

பெண்கள் ஆட்டத்துக்கு ஆளே வருவதில்லை என்று, இந்த ஆண்டு முதல் ஆட்டம் பார்க்க வரும் மாணவர்களுக்கு, விடுதியில் இடம் பிடிக்க உதவும் மெரிட் புள்ளி தருகிறார்கள். வாசலில் போனைக் காட்டி ஸ்கேன் செய்தால் போதும்.

"இன்னிக்கு கூட்டம் வரும்லா அக்கா," என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் வரிசை நீளமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கேன் செய்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள்.

"மேட்ச் பாக்கலையாம்மா?" என்று ஒருத்தியிடம் கேட்டேன்.

"மெரிட் ஏறிருச்சுக்கா. இந்த வெயில்ல யாரு உக்காருவா? ஜில்லுன்னு ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிடப் போறோம், நீங்களும் வாங்கலா!"

மைதானத்துக்குள் ஓடி வந்ததும் தர்ஷினி இருக்கைகளைத்தான் பார்த்தாள். நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும், பெண்கள் ஹாக்கிக்கு இதுவரை இவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று மைக்கில் நன்றி சொன்னார்கள். அவள் மறுபடியும் இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.



இன்று மெரிட் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், யார் ஜெயித்தார்கள் என்று கீழே கமெண்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.