வாடை திரும்பிய பத்து நிமிடம்

எண்ணெய் ஊறிய ஈரத்தோலின் வாசனை. போன வாரம் மழைக்கு ஒரு செருப்புக் கடையில் ஒதுங்கினேன். அது மூக்கில் ஏறியதும் கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. தொப்பை வந்த பிறகு விரல்களுக்கு என்ன ஞாபகம்? பந்துதான். தேங்காயெண்ணெய் தடவித் தடவிக் கறுத்துப்போன, வெறுங்காலால் உதைத்த பந்து. சிதம்பரத்துத் திடல். நாங்கள் மூன்று கோல், அவர்கள் பூஜ்யம்.

அதற்கப்புறம் நடந்ததை நானே எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன், இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு புரட்டாசிக் கடைசி. கடலூர்க் கடற்கரைக் குப்பத்திலிருந்து பதினோரு பேர் ரயிலேறிப் போயிருந்தோம். எல்லோரும் கடலுக்குப் போகிற வீட்டு ஆட்கள். நான் லெப்ட் பேக். கோல்கீப்பர் என் அத்தை மகன். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். அவன் அப்பாவைக் கடல் எடுத்துக்கொண்டது. அவன் தம்பி அன்று விடியலில்தான் கட்டுமரத்தில் போயிருந்தான், மறுநாள் திரும்புவான். இவனாவது தரையில் கால் ஊன்றட்டும் என்று அத்தை கும்பிடாத சாமியில்லை.

அந்தக் கும்பிடுக்குப் பதில்போல, கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு ஒரு ஆபீசர் உட்கார்ந்திருந்தார். வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றிலிருந்து, தங்கள் டீமுக்கு கோல்கீப்பர் தேடி வந்தவர். ஆள் பிடித்துவிட்டால் வேலையும் கொடுத்துவிடுவார்கள்.

மச்சான் அன்றைக்கு ஆடியதை எப்படிச் சொல்வது. பந்து எங்கே வருமென்று பந்துக்குத் தெரியுமுன் இவன் கைக்குத் தெரிந்தது. விழுந்தான், எழுந்தான், பறந்தான், மார்போடு அணைத்துக்கொண்டு புழுதியில் உருண்டான். அந்த கோலுக்கு வலை கிடையாது, இரண்டு கம்பமும் மேலே ஒரு கட்டையும்தான். ஆனாலும், கோலுக்கு வலை இல்லேன்னு வலையையே கூட்டிட்டு வந்திருக்கானுங்க என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லப்போக, எதிராளிக் கூட்டமே சிரித்தது. இடைவேளையில் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தபோது ஆபீசர் அவனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஸ்கூல் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தவன் என் தோளைப் பிடித்து அழுத்தினான், அவ்வளவுதான். நகம் பதிந்தது.

முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும். மூலையில் நட்ட குச்சியில் ஒரு சிவப்புத் துணி, மத்தியானத்திலிருந்து கிழக்கே பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது. அது தொங்கிப்போனது. காற்றே இல்லை. வேர்வை ஓடாமல் நின்றது. பிறகு துணி மெல்ல அசைந்து தெற்கே திரும்பியது. என் வலது கன்னத்தில் சில்லென்று ஒன்று பட்டது.

"வாட," என்றான் மச்சான், பின்னாலிருந்து.

வாடை என்றால் கட்டுமரங்களைக் கவிழ்க்கிற வடகாற்று. குப்பத்தில் ஒரு வழக்கம். வருஷத்தின் முதல் வாடை யார்மேல் படுகிறதோ அவர் குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக் கட்டுமரப் பாய்களை எண்ண வேண்டும், எத்தனை வந்தது, எத்தனை பாக்கி என்று. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி.

பதினோரு பேரும் கிழக்கே திரும்பினோம். சத்தியமாகச் சொல்கிறேன், பதினோரு பேரும். அங்கே கடலா இருந்தது? ஒரு மாட்டுவண்டி, காயப்போட்ட புடவை, ஓட்டு வீடுகள். அதற்கும் அப்பால் எட்டுப் பத்து மைல் வயல். இல்லாத கடலில் இல்லாத பாய்களைத் தேடிக்கொண்டு நின்றோம். பந்து ஒன்றும் அவசரப்படாமல் உருண்டு மச்சானின் காலருகே கோட்டைத் தாண்டியது.

கோல் போட்டவர்களுக்கே முதலில் புரியவில்லை. பிறகு கூச்சல். மாமா, மீனு நழுவிடுச்சா என்று எவனோ கேட்டான்.

சுதாரித்திருக்கலாம், முடியவில்லை. கால்கள் அங்கே, காது குப்பத்தில். இரண்டாவது என் பக்கமாகப் போனது. கண்ணெதிரே போன பந்தை நான் பார்த்தேன், ஆனால் அது பந்து என்று தோன்றவில்லை. மூன்றாவது எப்படி விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான்காவதுக்குப் பிறகு விசில். நான்குக்கு மூன்று. ஜெயித்தவர்களே எங்களை உற்றுப் பார்த்தார்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல.

கட்டுமரங்கள் எல்லாம் காற்றை முன்பே மோப்பம் பிடித்து, மத்தியானமே கரையேறிவிட்டன என்பது ஊர் திரும்பித்தான் தெரிந்தது. ஒரு பாயும் பாக்கியில்லை.

திடலில் அது தெரியாது. கட்டைக்குக் கீழே மச்சான் இன்னும் கிழக்கே பார்த்து நின்றான். ஆபீசர் நாற்காலியை மடக்கிக்கொண்டு அவனருகே வந்தார். கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அங்க என்னப்பா இருக்கு?"

"தம்பி கடல்ல இருக்கான் சார்."

அவர் கொஞ்ச நேரம் அந்த ஓட்டு வீடுகளையே பார்த்தார். பிறகு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீ வேலைக்கு வந்தாலும் அவன் கடல்லதான இருப்பான்?"

மச்சான் பொய் சொல்லியிருக்கலாம். நான் பக்கத்தில்தான் நின்றேன், சொல்லேன்டா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு.

"இருப்பான் சார்."