ஃபைவ் நைன்

ஹாம் ரேடியோவில் ஒருவர் பேசியதும், கேட்டவர் அவருக்கு இரண்டு எண்கள் சொல்ல வேண்டும். முதல் எண் பேச்சு எவ்வளவு விளங்கியது என்பதற்கு, ஐந்து வரை. அடுத்தது சிக்னலின் பலத்துக்கு, ஒன்பது வரை. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் ஃபைவ் நைன் கொடுத்துவிடுவார்கள். மரியாதையாம்.

அடையாறில் இருக்கும் என் நண்பன் மட்டும் கொடுக்க மாட்டான். "ஃபைவ் நைன்னு சொல்லிட்டு அடுத்த நிமிஷமே பேரு இன்னான்னு கேக்குறானுங்க. வெக்கமா இல்ல?" என்று எல்லோரும் கேட்கவே கத்துவான். எனக்கே பலமுறை ஃபோர் செவன்தான். அதற்காக அவனோடு சண்டை போட்டிருக்கிறேன்.

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்தேன். பேசிப் பழகினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பழகினேன். போன வாரம் அவனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, மயிலாப்பூர் வீட்டில் செட்டைப் போட்டு, மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக் கூப்பிட்டேன். குரல் வெறும் காற்றாக வந்தது. "எப்படிக் கேக்குது?" என்றேன்.



"ஃபைவ் நைன், மச்சி. சூப்பரா கீது."

"தேங்க்ஸ்" என்றேன். அதுவும் அவனுக்கு விளங்கியிருக்காது.