43.3 கிராம் மிளகு

1979 ஜூன் 5, செவ்வாய்க்கிழமை. உத்திரமேரூர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். 5.10 – பல் துலக்கல். 5.25 – குளியல். 5.50 – பென்சில் இரண்டு சீவியது. 6.30 – கன்னியப்பன் ஹோட்டலில் இட்லி.

இதுவரை டயரியில் ஒரு குறையும் இல்லை. 6.31-க்குத்தான் எல்லாம் கெட்டது.

இட்லி சுக்குக் கஷாயமாக இருந்தது!

முந்தின நாள் காலையில் இதே பெஞ்சில் உட்கார்ந்து இதே காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டவன் நான். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி விரித்து, மாவை ஊற்றி, மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைத்து, வில்லை வில்லையாக அறுத்துப் போட்டார் கன்னியப்பன். நெய்யும் மிளகுமாக... என்னவென்று சொல்ல? பத்து வருஷமாக வாராவாரம் உங்களுக்காக ஹோட்டல் ஹோட்டலாகச் சாப்பிடுகிறேன். இப்படி ஓர் இட்லி கிடைத்ததில்லை. ரெசிப்பி இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ரெசிப்பி என்றால் என் குணம் உங்களுக்குத் தெரியும். 'கொஞ்சம்', 'தேவையான அளவு' — இந்த வார்த்தைகள் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வராது. அதற்காகவே தபால் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

திங்கள் மாலை கன்னியப்பன் மாவு கலக்கும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மிளகு, சீரகம், சுக்கு, எல்லாமே அவருக்குக் கைக்கணக்குதான். மிளகோடு கை அண்டாவுக்கு மேலே போகும். "நிறுத்துங்க!" என்பேன். தராசில் கொட்டச் சொல்வேன். 42 கிராம். மறுபடி அள்ளச் சொன்னேன். 37. இன்னொரு தடவை. 51. 'சராசரி 43.3' என்று எழுதிக்கொண்டேன். சீரகத்துக்கும் அப்படியே. சுக்குக்கும் அப்படியே. ஒன்பது தடவை அந்த மனிதரின் கையை மறித்திருக்கிறேன். கடைசியில் எதை எவ்வளவு போட்டார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதன் பலன்தான் செவ்வாய்க்கிழமை இட்லி.

அந்த நேரம் பார்த்தா மானாம்பதிக்காரர் வரவேண்டும்? ஏகாம்பரம் என்று பெயர். விவசாயி. மறுநாள் காலை அவர் மகளுக்குக் கல்யாணம். காலைப் பந்திக்கு இருபது குடலை இட்லி சொல்லியிருந்தார். ஒரு வில்லை வாயில் போட்டார். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"இன்னா கன்னியப்பா, கல்யாணத்துக்கு இட்லி கேட்டா பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற மருந்து குடுக்கிற? அதுக்குள்ள அவ்ளோ அவசரமா எம் பொண்ணுக்கு?"

"இன்னிக்கு ஒரு நாள் தவறிப்போச்சுண்ணே..."

"மாப்ள வூடு காஞ்சிபுரம்யா! இட்லி துண்ணே வளர்ந்தவங்க. நாளைக்கும் இந்த மாதிரி இருந்துச்சு, வண்டியோட திருப்பி அனுப்பிட்டு உப்புமா கிண்டிடுவேன்."

கல்யாணத்தில் உப்புமா! கன்னியப்பன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாலை 6.15. கல்யாண மாவு தயார். கன்னியப்பன் மிளகை அள்ளினார். கை அண்டாவுக்கு மேலே போயிற்று... நின்றது. இந்தத் தடவை 'நிறுத்துங்க' என்றது நான் இல்லை. அதுவாகவே நின்றது.

"கை மறந்துபூட்ச்சு சார். அள்ளினா உன் தராசு கண்ணு முன்னால வந்து நிக்குது."

"பதினாறு வருசமா ஒழுங்கா போட்டுக்கினு இருந்த கை," என்றார் அவர் மனைவி முனியம்மா, மாவு வழித்துக்கொண்டே. "நல்லா வந்த சார் நீ, பென்சிலும் தராசுமா!"

நான் எதிரே இல்லாவிட்டால் சரியாகுமோ என்று கொல்லைப்பக்கம் போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன். கை அதே இடத்தில் இருந்தது.

குற்றவாளி நான். பரிகாரமும் நான்தானே செய்ய வேண்டும்? "விடுங்க, நானே போடறேன். கணக்கு என்கிட்ட இருக்கு" என்று தராசை வைத்து மிளகைக் கொட்டினேன். 44 காட்டியது. ஒரு மிளகை எடுத்தேன். இன்னொன்றை எடுத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது...

"யோவ்! இன்னாயா பண்ணிக்கினு கீற? மிளகை எண்றியா? இது இன்னா இட்லியா, நகைக்கடையா? தள்ளு அப்பால!"

கன்னியப்பன் தள்ளிய தள்ளில் நான் அரிசி மூட்டைமேல் போய் விழுந்தேன். மிளகு அண்டாவுக்குள் விழுந்தது. கை கொண்ட மட்டும், ஒரே வீச்சில்!

முனியம்மா என் காதருகே குனிந்தார். "வுடாத சார். எதுனா தப்பா சொல்லிக்கினே இரு. திட்டும்போது கை அது பாட்டுக்குப் போவுது."

"கன்னியப்பன், சர்க்கரை ஒரு ஸ்பூன் போட்டா என்ன?"

"சர்க்கரையா? உன் வூட்ல உனக்கு ரசத்துலயும் வெல்லம் போட்டுத்தான் ஊத்துறாங்களா?" சீரகம் விழுந்தது.

"சுக்குக்குப் பதிலா ஏலக்காய்?"

"நீயெல்லாம் சாப்பாட்டைப் பத்தி எழுதற, அதையும் ஊரு படிக்குது பாரு!" சுக்கு விழுந்தது.

"கிராம்பு?"

இதற்கு அவர் சொன்ன பதில் ஒரு குடும்பப் பத்திரிகையில் வரக்கூடியது அல்ல. நெய் விழுந்தது.

6.40 முதல் 7.02 வரை, இருபத்திரண்டு நிமிஷம் வசவு. எனக்கென்று தனியாக ஒரு வடை கூடுதலாக வைக்கிற ஹோட்டல்காரர்களைத்தான் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன். அரிசி மூட்டையில் தள்ளியவர் இவர் ஒருவர்தான்.

யோசித்துப் பாருங்கள். பாங்க்கில் குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக முறைத்துக்கொண்டிருந்தால் நம் சொந்தக் கையெழுத்தாவது நமக்கு வருகிறதா? கை அதன் வேலையைப் பார்க்கும், நாம் அதைப் பார்க்காமல் இருந்தால்.

ஆகவே, ரெசிப்பியில் 43.3 என்பதை ரப்பரால் அழித்துவிட்டேன். 'மிளகு – ஒரு கை. போடும்போது பக்கத்தில் இருப்பவரைத் திட்டவும்' என்று எழுதியிருக்கிறேன். இதற்குமேல் துல்லியமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை. பொழுது விடியவில்லை. கதவு இடிபட்டது. கன்னியப்பன், கையில் மந்தாரை இலைப் பொட்டலம், ஆவி பறக்க.

"மானாம்பதி வண்டியில ஏத்திக்கினு கீறாங்க சார். பொண்ணோட அப்பா ஒரு வில்லை துண்ணாரு. உடனே கை நீட்டினாரு, இன்னொண்ணுக்கு!"

அன்றைய டயரி இப்படித் தொடங்குகிறது: '4.50 – இட்லி. 5.10 – இட்லி. 5.25 – பல் துலக்கல்.'