பீரங்கி திரும்பியதா, இல்லையா?

போன ஞாயிறு கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். மாப்பிள்ளை என் தம்பி வேலு. கூடவே எங்கள் பெரியப்பா.

சண்டை ஓய்ந்து இப்போதுதான் மூச்சு விடுகிறோம். ஆனால் பெரியப்பா விடுவாரா? ஜப்பான்காரன் இருந்த காலம் முழுக்க எங்கள் பேட்டை பிரிக்பீல்ட்ஸைத் தாண்டாதவர் – யுத்தத்தையே முன்னால் நின்று நடத்தியவர் மாதிரி பேசுவார்!

உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"சிங்கப்பூர் ஏன் விழுந்துச்சு தெரியுமா? வெள்ளக்காரன் பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து நின்னுச்சு. ஜப்பான்காரன் பின்பக்கமா சைக்கிள்ல வந்துட்டான். பீரங்கியத் திருப்பவே முடியலே. சும்மா விழுந்துருச்சு லா!"

எல்லோரும் சிரித்தோம். உங்களுக்கும் தெரிந்த கதைதானே?

காப்பி கொண்டுவந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் சரோஜா.

"திரும்புச்சுங்க ஐயா," என்றாள்.

அவள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் அப்போ சிங்கப்பூர்லதான், தஞ்சோங் பகார்ல தாய்மாமா வீட்டுல இருந்தேன். எதிர்த் தீவுல இருந்த பீரங்கி எங்க கூரைக்கு மேலதான் சுட்டுச்சு. கடல் பக்கமிருந்து கரைப் பக்கம்."

"அப்புறம் ஏம்மா தோத்தான்?" – பெரியப்பா விடவில்லை.

"தண்ணி கேட்டு வந்த பட்டாளத்துக்காரர் சொன்னாரு... அது கப்பலை ஓட்டை போடற குண்டாம். மண்ணுல விழுந்தா அப்படியே புதைஞ்சிடுமாம்." குரல் தாழ்ந்தது. "கடைசியில குழாய்லயும் தண்ணி வரலே. ஆஸ்பத்திரிக்கு வாளியில தண்ணி தூக்கிட்டுப் போன மாமா... வீட்டுக்கு வரவே இல்லே. சும்மா விழுந்துச்சுன்னு சொல்லாதீங்க ஐயா."

"பொண்ணு பார்க்க வந்தோமா, கோர்ட்டுக்கு வந்தோமா?" பெரியப்பா என் காதில் சீறினார். போச்சு, இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வேலு மெல்லக் கேட்டான். "மாமா பேரு என்னங்க?"

"கோவிந்தசாமி."

அவரைப் பற்றி இன்னும் கேட்டான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, அவளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது... வேலுவின் காப்பி ஆறியே போனது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு இந்தப் பொண்ணுதான்," என்றான். மறுபடி உள்ளே போய் தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தோம்.

யோசித்துப் பார்த்தேன். அந்தப் பீரங்கிக் கதை ஏன் இவ்வளவு ஜோராக ஓடுகிறது? ஒரே மூச்சில் சொல்லிச் சிரித்துவிடலாம். நாலு முட்டாள் துரைகள் போதும். உண்மையைச் சொல்வதென்றால் வாளியோடு போனவரையும் சொல்ல வேண்டும். சிரிப்பு வருமா?

திரும்பும் ரயிலில் பெரியப்பா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். சுங்கை வே ஸ்டேஷன் தாண்டியதும் தொண்டையைக் கனைத்தார்.

"ஏன்டா, கல்யாணப் பத்திரிகையில அந்தப் பொண்ணோட தாய்மாமன் பேரையும் போடச் சொல்லணும். பெரிய எழுத்துல."

சிங்கப்பூர்ச் சண்டையைப் பற்றி இனி யார் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும் – எங்கள் பங்கை, கோவிந்தசாமி பெயரோடு, அச்சுக்குக் கொடுத்துவிட்டோம்!